கொள்ளிடத்தைக் குடித்த ரஸ்க்

தனிஸ்லாஸ் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. மீதிப் பாதியை அவரே நம்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் என் கண்ணெதிரே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எழிலன். 'சர்ருன்னு' என்று ஒரு சாப்பாடு டெலிவரி கம்பெனி. அதற்குத் திருச்சியில் ஆள் எடுப்பது என் வேலை. பாலக்கரையில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ். ஒரு மேசை, ஒரு ஃபேன், சுவரில் 'முப்பதே நிமிடத்தில் உங்கள் வாசலில்!' என்று ஒரு பெரிய போஸ்டர். வாசல் என்று போட்டிருக்கிறோமே ஒழிய, பாதி அபார்ட்மென்ட்டில் எங்கள் ஆட்களை லிஃப்ட்டில் ஏறவே விடுவதில்லை. கேட்டோடு சரி. அதையும் எழுதப் போஸ்டரில் இடம் போதவில்லை.

அன்றைக்கு இன்டர்வியூவுக்கு வந்தது மூன்றே பேர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஷாகுல், முப்பத்தைந்து வயதிருக்கும். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்த ரெஜினா, நாற்பத்தைந்து. மூன்றாவதாக, வெளுத்து இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் ஒரு மஞ்சள் பையோடு தனிஸ்லாஸ். யாரையோ கூட்டிக்கொண்டு வந்த அப்பா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பேரு?"

"தனிஸ்லாஸ். மேலப்புதூர்ல ரொட்டி தனிஸ்லாஸ்னு கேளுங்க, காக்கா கூட வழி சொல்லும்."

"வயசு?"

"எழுபத்தொண்ணு. ஆனா தம்பி, நான் போன வேகத்துல நடுவுல ஒரு இருபது வருஷம் என்னைப் பிடிக்க முடியாம பின்தங்கிருச்சு. அதைக் கழிச்சா ஐம்பத்தொண்ணுதான் வரும்."

எங்கள் ஃபாரத்தில் ஐம்பது வரைதான் இடம். ஒரு வருஷத்தில் தவறவிட்டாரே என்று நான் பேனாவை வைத்தேன். ஷாகுல் குனிந்து சிரித்துக்கொண்டார்.

"ஐயா, இதெல்லாம் சின்னப் பசங்க பார்க்குற வேலை..."

"வேலையைப் பத்தி எனக்கா சொல்றீங்க? நாற்பத்திரண்டு வருஷம் பேக்கரி ரொட்டியை வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்தவன் நான். சைக்கிள் கேரியர்ல ஒரு தகரப் பொட்டி. அதுக்குள்ள பன்னு, தேங்கா பன்னு, வர்க்கி, ரஸ்க்கு, பட்டர் பிஸ்கட்டு. எம் பொட்டி வராத தெரு திருச்சியில கிடையாது. சும்மா கேளுங்க, எது வேணா கேளுங்க."

கேட்டுத் தொலைத்தேன். "மேப் பார்க்கத் தெரியுமா?"

"மேப் எதுக்கு? தெருமுனையில நின்னு பொட்டி மூடியைத் திறப்பேன். தேங்கா பன்னு வாசனை முன்னாடி போகும். எந்த வீட்டுல பசியோ அந்த வீட்டுக் கதவைத் தட்டும். நான் பின்னாடியே போறப்ப ஆளுங்க தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க."

"வாசனை கதவைத் தட்டுமா?" என்றார் ஷாகுல்.

"அழைப்பு மணி இருந்தா மணி அடிக்கும் பாய். ஒரே ஒரு தடவை, ஆடிக் காத்துல வாசனை வழி தவறி ரயில்ல ஏறிருச்சு. விழுப்புரத்துல இறங்குன ஒரு ஆளு, எதுக்கு இறங்குனோம்னே தெரியாம அடுத்த ரயிலைப் பிடிச்சு எங்கிட்ட வந்து நாலு பன்னு வாங்கிட்டுப் போனாரு. பாவம், மெட்ராஸ்ல அவருக்குக் கல்யாணம்."

"கல்யாணம் என்னாச்சு?"

"பன்னு நாலையும் பொண்ணு வீட்டுல குடுத்தாராம். பரிசம் இது போதும்னுட்டாங்க."

ரெஜினா வந்ததிலிருந்து அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். அது எங்கள் கம்பெனியின் செல்லக் கேள்வி. "முப்பது நிமிஷத்துல கொண்டுபோய்ச் சேர்க்கணும். முடியுமா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முப்பது நிமிஷமா? பசிச்சு, போனை எடுத்து, சொல்லி, அப்புறம் முப்பது நிமிஷமா? அதுவரைக்கும் அந்த மனுஷன் என்ன பண்ணுவான்? நாங்க பசி வர்றதுக்கு முன்னாடி போயிருவோம் தம்பி. நான் போய்ப் பன்னைக் குடுத்துட்டு வெளியில நிப்பேன். அப்பத்தான் பசி தெருவுக்குள்ளயே நுழையும். என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போயிரும். எங்க ஏரியாவுல ஒம்பது வருஷம் யாருக்கும் பசிக்கவே இல்ல. வேணும்னா டாக்டரைக் கேட்டுப் பாருங்க."

"எந்த டாக்டரை?"

"அவரு கடையைச் சாத்திட்டுப் போயிட்டாரு."

"சூடு ஆறாம எப்படி வச்சிருந்தீங்க?" என்று ஷாகுல் மடக்கினார். "இங்க எல்லாருக்கும் தனிப் பை குடுக்குறாங்க. உங்ககிட்ட வெறும் தகரம்தானே?"

"நல்ல கேள்வி" என்று தனிஸ்லாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சித்திரை மாசம், உச்சி நேரம். மலைக்கோட்டைக்கு எதிர்ல பொட்டியைத் திறந்து வச்சிருவேன். திருச்சி வெயில் உள்ள இறங்கும். முக்கால் பொட்டி ரொம்புனதும் டபக்குனு மூடிருவேன். அந்த வெயிலு மார்கழி வரைக்கும் தாங்கும். ஒரு தடவை மார்கழியில, நல்ல பனி, எடத்தெருவுல கவனமில்லாம மூடியை முழுசாத் திறந்துட்டேன். வெயில் சுள்ளுனு தெருவுல அடிச்சிருச்சு. என்ன ஏதுன்னு நான் பார்க்குறதுக்குள்ள எட்டு வீட்டுப் பொம்பளைங்க வடாம் மாவோட மாடிக்கு ஓடிட்டாங்க."

"காஞ்சுதா?"

"காஞ்சுதாவா? கூழ்வத்தல் கூடக் காஞ்சுது. மூடியைச் சாத்த விடல. சாயங்காலம் வரைக்கும் தெருவுல நின்னேன்."

ஷாகுல் சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சிரிக்கக் கூடாது என்று பெங்களூரில் எங்களுக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள்.

"ஐயா, எங்க விதிமுறையைச் சொல்லிடறேன்" என்று அட்டையை எடுத்துப் படித்தேன். "பார்சலை வாசல்ல வைக்கணும். கதவைத் தட்டக் கூடாது. வாடிக்கையாளர்கிட்ட அநாவசியமாப் பேசக் கூடாது. பார்சலைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டு வந்துறணும்."

"பன்னைப் போட்டோவா?"

"ஆமா."

"எதுக்கு, அதுக்குப் பொண்ணு பார்க்குறீங்களா?" அவர் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. "நான் மக வீட்டுல இருக்கேன் தம்பி, கே.கே. நகர் ஃபிளாட்டுல. மாப்ளையும் மகளும் வேலைக்குப் போயிருவாங்க. மத்தியானம் எனக்கு உங்க ஆளுங்கதான் சாப்பாடு கொண்டாருவாங்க. கதவைத் திறக்குறதுக்குள்ள போயிருவான். ஒரு வருஷமாச் சாப்புடறேன், கொண்டாந்தவன் கறுப்பா செவப்பான்னு தெரியாது. ஒருநாள் கதவுக்குப் பின்னாடியே காத்திருந்து டக்குனு திறந்தேன். திருடனைப் பார்த்த மாதிரி அவன் ஓடிட்டான்."

ஷாகுல் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அதை அவராலேயே தாங்க முடியவில்லை போல. சட்டென்று குரலை உயர்த்தினார்.

"டெலிவரின்னா என்னன்னு சொல்றேன் கேளுங்க. கொள்ளிடத்துல வெள்ளம். பாலத்துல ஒருத்தரையும் விடல. அந்தக் கரையில, டோல்கேட் பக்கம், மாசமா இருக்குற ஒரு பொண்ணு. தேங்கா பன்னு வேணும்னு மூணு நாளா ஒண்ணும் சாப்பிடாம அழுவுது. எனக்கு எப்படித் தெரிஞ்சுது? அழுத சத்தம் ஆத்தைத் தாண்டிக் கேட்டுது. போனேன். தண்ணி பனைமரம் உசரம். படகுக்காரங்க எல்லாம் கரையில உக்காந்து சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"நீந்திட்டீங்களாக்கும்" என்றார் ஷாகுல்.

"பன்னு நனைஞ்சிராதா? கொஞ்சமாவது யோசிங்க பாய். பொட்டியில ரஸ்க்கு இருந்துச்சு. எங்க பேக்கரி ரஸ்க்கைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒண்ணைத் தொட்டா ஒரு டம்ளர் டீ காணாமப் போகும். ஒரு மூட்டையை அப்படியே ஆத்துல கொட்டினேன். சர்ர்ர்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"என்ன அவ்வளவுதான்?"

"ஆத்தைக் காணோம்."

"கொள்ளிடத்தை ரஸ்க் குடிச்சிருச்சா!"

"முழுசா இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஓரத்துல கணுக்கால் அளவு கிடந்துச்சு. சைக்கிளோட நடுவுல நடந்து போனேன். மீனெல்லாம் 'என்னண்ணே இது'ங்குற மாதிரி பார்க்குது. பன்னைக் குடுத்துட்டுத் திரும்பி வந்து கரையேறினதும், ஊறுன ரஸ்க்கெல்லாம் ஒவ்வொண்ணா விட்டுக் குடுத்துச்சு, ஆறு பழையபடி ஓடிச்சு. அந்த வருஷம் சிதம்பரம் வரைக்கும் நெல்லுல லேசா ஏலக்கா வாசனை. வியாபாரிங்க மூட்டையை மோந்து பார்த்தே வாங்கிட்டுப் போனாங்க."

அப்போதுதான் ரெஜினா வாயைத் திறந்தார்.

"அது கொள்ளிடம் இல்ல. ரயில்வே காலனி."

தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார்.

"என்னைத் தெரியல உங்களுக்கு. டிரைவர் அமல்தாஸ் மக நான், ரெஜினா. ஏழு வயசு அப்ப." அவர் என்னிடம் திரும்பிச் சொன்னார். "அடை மழை சார். தெருவுல இடுப்பளவு தண்ணி. எங்கப்பா ரயிலைக் கொண்டுக்கிட்டுப் போனவரு எங்கயோ மாட்டிக்கிட்டாரு. வீட்டுல எங்கம்மா, நாங்க மூணு புள்ளைங்க. ரெண்டு நாளா அடுப்பு எரியல. அந்தப் பக்கம் ஒரு ஜீவன் வரல. மூணாம் நாள் காலையில இந்த ரொட்டிக்கார மாமா பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள நடந்து வந்தாரு. வரிசையில இருந்த பன்னெண்டு வீட்டுக்கும் குடுத்தாரு. நாங்க அழுகையை நிறுத்தல. உடனே வாசப்படியில நின்னுக்கிட்டு, தண்ணி இடுப்புல அடிக்குது, ஒரு மணி நேரம் புளுகுனாரு பாருங்க! எங்கம்மா சிரிச்சதை மூணு நாளைக்கு அப்புறம் அப்பத்தான் பார்த்தோம்."

தனிஸ்லாஸ் மஞ்சள் பையைப் பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"இடுப்பளவெல்லாம் இல்லம்மா" என்றார் மெதுவாக. "முழங்கால் தண்ணிதான். நாலஞ்சு வீடு இருக்கும். அதெல்லாம் ஒரு விஷயமா."

அன்று காலையிலிருந்து அந்த மனுஷன் வயதைத் தவிர எதையாவது குறைத்துச் சொன்னார் என்றால் அது இந்த ஒன்றைத்தான்.

ஷாகுல் எழுந்து போய்க் கீழேயிருந்து நான்கு டீ வாங்கி வந்தார். முதல் டீயைத் தனிஸ்லாஸ் கையில் கொடுத்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை. வயதுக் கட்டத்தில் ஐம்பது என்று எழுதிவிட்டேன். மேலே இருப்பவர்கள் ஆளைப் பார்க்கவா போகிறார்கள்? அவர்கள் பார்ப்பது கட்டத்தை.

"சரிங்கய்யா, லைசென்ஸ் மட்டும் குடுங்க. வண்டி நம்பரும் வேணும்."

"லைசென்ஸா?"

"டூவீலர் ஓட்டறதுக்கு."

"ஓட்டணுமா?" என்றார்.

ரெஜினா டீயைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "சார், மாமாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. எங்க தெருவுக்கு எப்பவும் தள்ளிக்கிட்டேதான் வருவாரு. எங்கண்ணன் கத்துக் குடுக்குறேன்னு ஏத்தி உக்கார வச்சு, ரெண்டு பேரும் சாக்கடையில விழுந்தாங்க."

ஷாகுல் எகிறிவிட்டார். "பெரியவரே! நாற்பத்திரண்டு வருஷமும் தள்ளிக்கிட்டா போனீங்க? காலையில இருந்து வேகம், வேகம்னீங்களே!"

தனிஸ்லாஸ் ஒரு மடக்கு டீ குடித்தார். மீசையைத் துடைத்தார். கண்ணில் பழைய களை திரும்பி வந்துவிட்டது.

"யோசிச்சுப் பாருங்க பாய். தள்ளிக்கிட்டுப் போயே நான் பசிக்கு முன்னாடி போயிட்டேன். ஏறி மிதிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? செவ்வாக்கிழமை பன்னோட திங்கக்கிழமையில போய் நின்னிருப்பேன். பேக்கரியில இன்னும் மாவே பிசைஞ்சிருக்க மாட்டாங்க. ஊரு நல்லதுக்குத்தான் நான் ஏறல."

ஷாகுலையும் ரெஜினாவையும் எடுத்தேன். தனிஸ்லாஸை எடுக்க முடியவில்லை. சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். படியிறங்கும் முன் நின்று, "ஃபிளாட்டுல எல்லார்கிட்டயும் வேலை கிடைச்சிருச்சுன்னு நேத்தே சொல்லிட்டேன் தம்பி" என்றார். அலமாரியில் கிடந்த கம்பெனி டீ-ஷர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு போன். அவர் இருக்கும் ஃபிளாட் சங்கத்தின் செயலாளர்.

"உங்க கம்பெனி ஆளு ஒருத்தர் தினமும் சாயங்காலம் எங்க வீட்டுக் கதவையெல்லாம் தட்டுறாரு. கையில பார்சல் ஒண்ணும் கிடையாது. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்கிறாரு. உக்காந்து பேசுறாரு. எங்க வீட்டம்மா அவருக்குப் பஜ்ஜி போட்டுக் குடுக்குறா. என்ன சர்வீஸ் இது?"

"மன்னிக்கணும் சார், அவர் எங்க ஆள் இல்ல. அவரை நாங்க வேலைக்கே எடுக்கல."

செயலாளர் விடவில்லை.

"அப்படியா? எழிலன்னு ஒரு பையன் இன்டர்வியூவுக்கு வந்தான், ஒண்ணும் தெரியல, போனாப் போகுதுன்னு எடுத்தேன்னாரே. அது நீங்கதானா தம்பி?"