நீலக் காரின் மேல் ஒரு விரல்

ராஜா, மந்திரி, இளவரசி என்று யாரும் வராத புதிர் இது. வருவதெல்லாம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் காரும், அதற்காகக் கிடந்து தவித்த ஒரு மனிதரும்தான். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர் கணபதியில் தீனதயாளன், குழந்தைவேலு என்று இரண்டு நண்பர்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும் மாடல் கார்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, நிஜக் காரைச் சுருக்கி வைத்ததுபோல் ஆக்குவதில் இருவருக்கும் பைத்தியம். பொம்மை என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிட்டால் போச்சு, அன்று முழுக்கப் பாடம்தான்.

வேலையில் தீனதயாளன் ராட்சசன். முதலில் நிறம் அடிப்பார். அது காய்ந்ததும் அதன்மேல் பளபளவென்று நிறமில்லாத கிளியர் கோட். கிளியர் விழுந்துவிட்டால் அடியில் இருப்பது அப்படியே நிலைத்துவிடும் என்பதால், அதற்கு முன்பு லென்ஸை வைத்துக்கொண்டு வண்டி முழுவதையும் துழாவுவார். ஒருமுறை, முடியும் தறுவாயில் இருந்த சிவப்புக் காரில் ஒரே ஒரு கைரேகையைக் கண்டுவிட்டு, வண்டியையே பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு மொத்தப் பெயின்டையும் உரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி நவமணி அவர் வேலை செய்யும் மேசைப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோவதில்லை. கட்டிய மனைவியிடம் இதமாக இரண்டு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் வேறு. அவள் அவரிடம் பயந்தே காலம் தள்ளினாள் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

அவருக்கு நுரையீரலில் நோய் கண்டது. மேசையில் ஒரு நீலக் கார் பாதியில் நின்றது. ஆஸ்பத்திரியில் குழந்தைவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வேலு, அந்த நீல வண்டியில சக்கரமும் கண்ணாடியுந்தான் பாக்கி. நான் உட்ட எடத்துல இருந்து நீ முடிச்சுரு. முடிச்சு நவமணி கையில குடுத்துரு."

குழந்தைவேலு வாக்குக் கொடுத்தார். வீட்டில் யாருக்கும் ஒரு வண்டியைத் தொடக் கொடுக்காத ஆள், மனைவி கையில் கொடு என்கிறாரே என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

தீனதயாளன் இறந்து காரியம் முடிந்ததும் காரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்தார். பானெட்டின் மேல் ஒரு கைரேகை. கிளியர் போட்ட பிறகு, கை நடுங்கிய நாளில் அவனே பிடித்திருப்பான், பார்க்கக் கண்ணில் தெம்பு இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். நண்பனின் கடைசி வண்டியில் இப்படி ஒரு குறையா? அவன் இருந்தால் பொறுப்பானா? வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

முதலில் பால்போல வெள்ளைத் தண்ணீர் இறங்கியது. கிளியர் கரைகிறது. அதோடு போய்விடும் என்று எதிர்பார்த்த ரேகை போகவில்லை. மேலும் தேய்த்தார். நீலத் தண்ணீர் இறங்கிய பிறகே அது மறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பானெட்டுக்கு மறுபடி நீலம் அடித்து, கிளியர் போட்டு, சக்கரமும் கண்ணாடியும் மாட்டினார். பழுது சொல்ல முடியாத வேலை.

நவமணி காரை வாங்கி, முதலில் பானெட்டைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்ணா, இதுல ஒரு வெரல் தடம் இருந்துச்சுங்களே?"

"இருந்துச்சு அம்மிணி. தேச்சு எடுத்துட்டேன்."

அவள் காரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருக்கோணுங்ணா. அது என்ற வெரலுங்க. நீலம் அடிச்சு வெச்சுட்டு அவரு மாத்தர போட்டுப் படுத்திருந்தாரு. அந்த நெறம் அத்தன அழகா இருந்துச்சு. காஞ்சிருச்சான்னு தொட்டுப் போட்டேன். பயத்துல சொல்லவே இல்லீங்க. அவரு கண்ணுல படாமயே போய்ச் சேந்துட்டாரு. கடைசி வண்டியக் கெடுத்துப் போட்டனேன்னு தூக்கமே இல்லீங்ணா. இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு."

காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த குழந்தைவேலு டம்ளரைக் கீழே வைத்தார். நீலம் ஈரமாக இருந்தபோது பட்ட விரல் என்றால், கிளியர் விழுந்தது அதற்குப் பிறகு. லென்ஸ் வைத்துப் பார்க்காமல் தீனதயாளன் கிளியர் போட்டதே கிடையாது. பார்த்திருக்கிறார். வீட்டில் இருப்பது இரண்டே பேர், அந்தச் சின்ன விரல் யாருடையது என்றும் தெரிந்திருக்கிறது. பிரேக் ஆயிலைத் தேடாமல், அழியாதபடி அதன்மேல் கிளியரைப் போட்டு மூடியிருக்கிறார். தேய்த்து எடுத்தது தான்தான்.

சொன்னால், கணவன் அவள் விரல் தடத்தைப் பத்திரப்படுத்தினான் என்பது அவளுக்குத் தெரியும். அது இனி இல்லை என்பதும் கூடவே தெரியும். சொல்லாவிட்டால், இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள். இப்போது சொல்லுங்கள்: குழந்தைவேலு உண்மையைச் சொல்ல வேண்டுமா, காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போக வேண்டுமா? எது சரி?

விடை: சொல்லத்தான் வேண்டும். தீனதயாளன் தன் மனைவிக்கு அனுப்பி வைத்தது அந்த ரேகையை. கார் அதைச் சுமந்து வந்த வண்டி, அவ்வளவுதான். "நான் உட்ட எடத்துல இருந்து" என்று தெளிவாகச் சொல்லியும் குழந்தைவேலு அவர் முடித்த இடத்துக்கும் பின்னால் போய்த் தேய்த்தார். வெள்ளைத் தண்ணீரோடு போகாத ரேகை கிளியருக்கு அடியில் இருக்கிறது என்று அப்போதே புரிந்து நிறுத்தியிருக்கலாம். கார்மேல் இருந்ததை அழித்தவர், வாயை மூடிக்கொண்டால் மிச்சமிருக்கும் சேதியையும் அழித்தவர் ஆவார். அவர் சொல்லிவிட்டார். நவமணி திட்டவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். காட்டினார். அந்த இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துப் பார்த்தாள். தடம் விழவில்லை.

"காஞ்சிருச்சுங்ணா" என்றாள்.