ஏரியை மூடிய மயில்

காட்டோரத்தில் ஒரு பெரிய ஏரி. ஆமை, நாரை, தவளை என்று அதை நம்பிப் பிழைத்தவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தலைவர் யார் தெரியுமா? நீந்தவே தெரியாத மயில்!

ஒரு நாள் மயில் கூட்டம் போட்டது. "வடக்கேயிருந்து வரும் வாத்துகள் வருஷா வருஷம் நம் தலைக்கு மேலேயே பறந்து போய்விடுகின்றன. அவை இறங்க நமக்கு ஒரு பெரிய தளம் வேண்டும். ஏரியில் பாதியை மூடுங்கள்!"

மண் கொட்டும் வேலை காட்டுப்பன்றிக்குக் கிடைத்தது.

ஆமை பதறியடித்துக்கொண்டு வந்தது. "தலைவரே, கலிங்கை மட்டும் மூடிவிடாதீர்கள்! மழைத் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. கரையில் என் முட்டைகள் இருக்கின்றன. தளத்தை அந்தக் கல்மேட்டில் கட்டுங்களேன்!"

"கல்மேடா? வானத்திலிருந்து பார்த்தால் எடுப்பாகவே இருக்காது!"

"அப்படியானால் இருபது நாள் பொறுங்கள். குஞ்சுகள் வெளியே வந்துவிடும்."

"நல்லா இருக்கே! உன் முட்டைக்காக வேலையை நிறுத்தணுமா?" என்று பன்றி உறுமியது.

"ஏரியைக் கெடுத்துவிட்டோம் என்று நாளைக்கு யாராவது பேசினால்?" என்று நாரை இழுத்தது.

"மேலே புல் பதித்துவிடுவோம். பச்சையாகத் தெரிந்தால் எவன் வாயைத் திறப்பான்?" என்றது மயில்.

நாரையும் தலையை ஆட்டியது. வெட்கங்கெட்ட நாரை! கலிங்கு மண்ணுக்குள் போனது. தளத்தின் திறப்பு விழாவில் மயில் தோகை விரித்து ஆடியது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் கரையேறியது. ஆமை முட்டைகளின் மேல் படுத்துக்கொண்டது. அணைத்துக்கொண்டால் வெள்ளம் நின்றுவிடுமா, பாவம்! முப்பது முட்டையும் அழுகிப்போயின. தளம் கரைந்து, அதன் மண் நிரம்பி மிச்சமிருந்த ஏரியும் சேறானது.

மழை விட்டதும் வாத்துகள் வந்தன. மேலேயே சுற்றின.

"இறங்குங்கள்! உங்களுக்காகத்தானே இவ்வளவும் கட்டினோம்!" என்று மயில் கத்தியது.

"நாங்கள் தண்ணீரில்தான் இறங்குவோம்! இந்த வருஷம் உங்கள் ஏரியில் தங்கலாம் என்றுதான் வந்தோம். எங்கே அது?"

பதிலுக்குக் காத்திராமல் அவை போய்விட்டன.

அப்போதுதான் மயிலுக்குக் கரையோரப் புதரில் இருந்த தன் வீட்டு நினைப்பு வந்தது. புதருக்கு ஓடியது. புதரே இல்லை. ஆமையிடம் ஓடி வந்தது.

"என் குஞ்சுகளைப் பார்த்தாயா?"

"கலிங்கை மூடிய மண்ணில் ஒதுங்கிக் கிடக்கின்றன, தலைவரே. வெள்ளம் அங்கேதான் தள்ளிக்கொண்டு போயிற்று."

தண்ணீர் போகும் வழியை அடைத்துக் கட்டுகிறவன், ஊரார் பிள்ளைகளோடு தன் பிள்ளைகளுக்கும் சேர்த்தே குழி தோண்டுகிறான்.