கீழத்தெருவுக்கு ஒரு தீர்ப்பு

“மதகைத் திருட்டுத்தனமாகத் திறந்தால் மேலத்தெருவுக்கு அபராதம், கீழத்தெருவுக்குச் சிறை. நம்ம நீதிபதிக்குத் தெருப் பேர் தெரிந்தால் போதும்.”

குளத்தங்கரையில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னது நீதிபதி செங்கோடன் காதில் விழுந்தது. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் மேலத்தெரு வேங்கடவனுக்கு இரண்டு மூட்டை நெல் அபராதம் போட்டிருந்தான். அதே குற்றத்துக்குக் கீழத்தெருக் காளத்திக்கு ஒரு வருடச் சிறை என்று முடிவு செய்திருந்தான். நாளைக்குத் தீர்ப்பு.

அந்த ஊரில் ஒருமுறை சிறைக்குப் போனவன் பிறகு சாகும்வரை தேர்தல் குடத்தில் ஓலை போட முடியாது. கீழத்தெருவில் பாதிப் பேருக்கு ஓலை கிடையாது. அடுத்த மாதம் நீதிபதிக்கான தேர்தல். கண்டிப்பான நீதிபதிதான் வேண்டும் என்று மேலத்தெருவில் பேச்சு.

தனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த அமுதவல்லி அம்மையாரிடம் போனான்.

“யாரும் சிபாரிசுக்கு வரவில்லை அம்மா. வேங்கடவன் பணிவாக நின்றான். காளத்தி முறைத்தான். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நான் செய்தது தப்பா?”

அதற்குள் இரண்டு மாடுகள் கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டன. அம்மையார் கம்பை நீட்டினார்.

செங்கோடன் கொம்பு மாட்டிடம் எட்ட நின்று, “போப்பா, போ” என்று கெஞ்சி வெளியேற்றினான். கொம்பில்லாத மொட்டை மாட்டின் முதுகில் இரண்டு வைத்தான்.

“இரண்டும் ஒரே கீரையைத்தானே தின்றன?”

“ஆமாம் அம்மா.”

“இதற்கு மட்டும் ஏன் அடி?”

“இதற்குக் கொம்பு...” பாதியில் நிறுத்தினான். “யோசித்து அடிக்கவில்லை அம்மா.”

“தெரியும்.”

அவனுக்குக் குழப்பம் கூடியது. மாட்டின் தலையில் இருந்த தழும்பைப் பார்த்தான்.

“கொம்பை யார் வெட்டியது?”

“முன்பு வைத்திருந்தவர். கீரை தின்றதற்காம்.”

“அந்தக் கொம்பு மாடு தின்னவில்லையா?”

“தின்றது. வெட்டுவதற்குக் கிட்டே போக வேண்டுமே.”

அப்படியானால் நாளைக்கு என்ன சொல்வது என்று கேட்டான். அம்மையார் மிதிபட்ட கீரையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேலத்தெருக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காளத்தி அன்றும் முறைத்தான். செங்கோடன் இரண்டு முறை தண்ணீர் குடித்தான். பிறகு காளத்திக்கு இரண்டு மூட்டை நெல் அபராதம் விதித்தான்.