புது முட்டையின் பிடிவாதம்

அந்தக் காலத்தில், கோழி பேசினால் மனுசிக்குப் புரிந்த காலத்தில், முட்டை உரிப்பது என்றொரு வேலையே கிடையாது. வெந்த முட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடு தானாகக் கழன்று விழும்.

சடைச்சி வீட்டில் ஒரு கருங்கோழி இருந்தது. அது முட்டையிட்டு எழுந்திருக்கும் முன்பே சடைச்சியின் கை அதன் வயிற்றுக்கடியில் நுழைந்துவிடும். சூடு ஆறாத முட்டை நேரே உலைப்பானைக்குள் போகும்.

"அக்கா, நாலு நாள் என் கண்ணெதிரே கிடக்கட்டுமே. அதன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை" என்றது கோழி.

"முட்டைக்கு ஏதடி முகம்? காட்டுக்குப் போன மனுசன் பசியோடு வருவார். மாமியார் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டாள். நானே நின்றுகொண்டு தூங்குகிறேன். போடி அந்தப் பக்கம்!"

கோழிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அடுத்த முறை முட்டையிடும்போது தலையைத் தாழ்த்தி, வயிற்றுக்குள் இருந்ததிடம் சொன்னது:

"யார் இழுத்தாலும் ஓட்டை விடாதே. இறுக்கிப் பிடித்துக்கொள்."

அன்றைக்குத் தட்டிய ஓடு கழலவில்லை. சடைச்சி நகத்தால் நோண்டினாள். பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வந்தது. அதற்குப் பிறகு எடுத்த முட்டையெல்லாம் அப்படித்தான்.

"என்னம்மா, இது நீ உரித்ததா, எலி உரித்ததா?" என்றாள் மாமியார். "நாளைக்கு மறுவீட்டு விருந்து. புது மாப்பிள்ளைக்கு முழு முட்டை வைப்பதுதான் நம் மரியாதை. இந்தக் கந்தலை வைத்தால் இலையை விட்டு எழுந்துவிடுவார். என் மகளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்."

சடைச்சி கோழியின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நீதான் என்னமோ சொல்லிக் கெடுத்திருக்கிறாய். சொன்னதைத் திரும்ப வாங்கு."

"முடியாது அக்கா. இனிமேல் பிறக்கப் போவதற்கெல்லாம் கேட்டுவிட்டது."

சடைச்சி திட்டவில்லை. அழவும் இல்லை. முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் நகக்கண்ணெல்லாம் ஓடு குத்திச் சிவந்திருந்தது.

கோழி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து போய் மூலையில் கிடந்த வைக்கோலைக் கிளறியது. அடியில் சில முட்டைகள்.

"நீ தண்ணீருக்குப் போன நேரத்தில் இட்டு ஒளித்தேன். அடைகாக்கவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இவற்றிடமும் அதையேதான் சொன்னேன். ஆனால் இத்தனை நாள் என்னைப் பார்த்ததில் பயம் தெளிந்திருக்கும். பிடியை விட்டாலும் விட்டிருக்கும். எடுத்துக்கொள்."

மறுநாள் சடைச்சி அவற்றை வேகவைத்தாள். புண்பட்ட விரல் சூடு தாங்காது என்று பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவிட்டுத் தட்டினாள். ஓடு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

மாப்பிள்ளை திருப்தியாகச் சாப்பிட்டு, பெண்டாட்டியோடு வண்டியேறினார். சமைத்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழி வெறும் வைக்கோலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சடைச்சி ஒரு பிடி அரிசியை அதன் முன்னால் போட்டாள். அடுத்து அது இட்ட முட்டையை அவள் தொடவில்லை.

அன்று முதல்தான், அன்றன்றைக்கு இட்ட முட்டை வெந்த பிறகும் ஓட்டை விடாமல் அடம்பிடிக்கிறது; நாலு நாள் பொறுத்த கைக்கு மட்டும் முழுசாக வருகிறது.