இறங்குகிறவனுக்கு ஒரு குவார்ட்டர்

"சாமி, இந்த ஜனங்க ஏன் திருந்தவே மாட்டேங்கிறாங்க?"

கேட்டவர் வேதகிரி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மடத்துத் தலைவரான அடிகளைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். ஆத்திரத்தில் செருப்போடு மடத்துக்குள் வந்திருந்தார்.

"என்ன நடந்தது?" என்றார் அடிகள்.

"துலுக்காணத்துக்குக் கயிறு கட்டினேனே, இனிமே குடிக்க மாட்டேன்னு அம்மன் முன்னால சத்தியம் வாங்கி? இன்னும் குடிச்சா ஆள் தேறமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார். அவன் பெண்டாட்டி கஸ்தூரிதான் அழுதுகிட்டே கூட்டிட்டு வந்தா. இன்னிக்கு அவளே அவன் கையில பாட்டிலைக் கொடுக்கிறா!"

"குடிச்சிட்டானா?"

"விடுவேனா? பிடுங்கி அவகிட்டயே திணிச்சிட்டு வந்தேன்."

அடிகள் எழுந்தார். "வாங்க, போவோம்."

ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, ஜனங்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே சதுப்பில் கொண்டுவந்து தள்ளிய குடியிருப்பில்தான் துலுக்காணம் இருந்தான். பஸ் எப்போதாவது வரும். ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லை. மதுக்கடை மட்டும் இவர்களுக்கு முன்பே வந்து திறந்திருந்தது. இப்படித் திட்டம் போட்டவன் எவனோ, அவன் ஒரு நாளும் இங்கே குடியிருந்து பார்த்திருக்க மாட்டான்.

சாக்கடை அடைத்துக்கொண்டு கீழ்த்தள வீடுகளுக்குள் மலம் மிதந்தது. திறந்த குழியருகே துலுக்காணம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பு நடுங்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கஸ்தூரி. மடியில் அதே பாட்டில்.

"ஏம்மா, நீயே கொடுக்கலாமா?" என்றார் அடிகள்.

"கோச்சுக்காதீங்க சாமி. எத்தினி வாட்டி மனு எழுதிக் குடுத்தாலும் வூடு குடுத்த ஆபீஸ்லேர்ந்து ஒருத்தனும் வர்றதில்ல. வூட்டுக்கு ஒரு ஆம்பள முறை வெச்சுத்தான் எறங்கறோம். எறங்கறவனுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுப்போம். இன்னிக்கு இவரு முறை. குடிச்சா சாவாரு. குடிக்காம இதுல யாரு சாமி கைய வுடுவா?"

அடிகளின் முகம் சிவந்தது. சீடர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இன்னிக்கு அவன் முறையை நீங்க எடுத்துக்குங்க."

வேதகிரி சட்டையைக் கழற்றினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழியோரம் குப்புறப் படுத்தார். தோள்வரை கையை விட்டு எதையோ பற்றி இழுத்தார். அழுகிய துணி மூட்டை. குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். மறுபடி கையை விட்டார். மறுபடி வாந்தி. அடைப்பு முழுதும் போகவில்லை.

கஸ்தூரி பாட்டிலின் மூடியைத் திருகி அவர் முன் நீட்டினாள்.

ஆயுளில் மதுவைத் தொடாத வேதகிரி எழுந்து, அதை வாங்கக் கையை நீட்டிவிட்டார். பிறகு அந்தக் கையையே பார்த்தபடி நின்றார். முழங்கைவழியே கருப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி கொடும்மா, கழுவணும்" என்றார் மெதுவாக.

"கழுவாதீங்க" என்றார் அடிகள். "அப்படியே வாங்க."

"எங்கே சாமி?"

"அந்த ஆபீசுக்கு. கையை அதிகாரியோட மேஜைமேல வெச்சுட்டு, மடத்துல என்கிட்ட கேட்ட கேள்வியை அங்கே கேளுங்க."