நரியைத் திருத்திய கௌதாரி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், என் மீசையில் பாதியை மழித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறேன். அத்தனையும் சத்தியமாக நடந்தது. எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு முள்ளுக்காட்டில் செவலி என்றொரு வெள்ளெலி வளை தோண்டிக் குடியிருந்தது. கண் திறக்காத நாலு குட்டிகள் அதற்கு. கொஞ்சம் தள்ளி, கள்ளிப் புதரடியில் ஒரு கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் கௌதாரிக்குத் தொண்டை அரிக்கும். திருத்தினால்தான் தண்ணீர் இறங்கும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் நரி வந்தது. வளை வாசலில் மூக்கை வைத்து மோந்தது.

உள்ளே செவலி மூச்சை அடக்கியது. 'தோண்டினால் தோண்டட்டும். அது முடிப்பதற்குள் பின்வாசல் வழியே நாலு நடை போய்விடுவேன்' என்று முதல் குட்டியைக் கவ்விக்கொண்டது.

நரி சட்டென்று மூக்கை இழுத்துக்கொண்டது. "சீ, பெருச்சாளி. போன மாசம் ஒன்று கடித்த கடி இன்னும் ஆறவில்லை. நமக்கெதற்கு வம்பு?"

நரி திரும்பி நடந்தது. செவலிக்கு உயிர் வந்தது.

"நில்லும் நரியாரே!" அடையை விட்டு எழுந்தே வந்துவிட்டது கௌதாரி. "இதுவா பெருச்சாளி வளை? உமக்குக் கண் பிடரியிலா இருக்கிறது? பெருச்சாளி என்றால் வாசலில் கூடை மண் குவிந்து கிடக்கும். இது வெள்ளெலி. வயிறு வெள்ளை, முதுகு செம்பட்டை, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். பெருச்சாளிக்கு ஏது குஞ்சம்?"

நரி உட்கார்ந்தது. "அப்படியா வாத்தியாரம்மா? அது கடிக்குமா?"

"அதற்கு ஓடத்தான் தெரியும்."

"சரி, இந்த வாசலைத் தோண்டிப் பார்க்கிறேன்."

"தப்பு, தப்பு! வெள்ளெலி ஒரே வாசலோடு இருக்குமா? பின்னால் இன்னொன்று இருக்கும். மேலே விரற்கடை மண் போட்டு மூடியிருக்கும். அதோ, அந்த ஆவாரஞ்செடிக்கு அடியில்."

செவலியின் வாயிலிருந்து குட்டி நழுவியது. தலைக்கு மேல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு நகம் உள்ளே வந்தது. அடுத்த நகமும் வந்தது. குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

நகம் நின்றது. நரிக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது.

"எத்தனையோ காடைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்த காடையைப் பார்த்ததில்லை" என்றது.

"காடையா?" கௌதாரியின் இறகெல்லாம் சிலிர்த்தது. "யாரைப் பார்த்துக் காடை என்கிறீர்?"

"அக்கா, பேசாதே!" என்று உள்ளிருந்து கத்தியது செவலி.

"நீ சும்மா இரு. இது என் குலத்து விஷயம். ஓய், நான் கௌதாரி!"

"காடைதான்" என்று கொட்டாவி விட்டது நரி. "கௌதாரி முட்டையை நான் பார்த்ததே இல்லை. பார்த்தால் நம்புவேன்."

"காடை முட்டையில் புள்ளி இருக்கும். என் முட்டையில் ஒரு பொட்டுக்கூட இருக்காது, பாலேட்டு நிறம். போய்ப் பாரும், அந்தக் கள்ளிக்கு அடியில் இருக்கின்றன!"

நரி போய்ப் பார்த்தது. ஆறு முட்டையையும் பார்த்தது. ஒவ்வொன்றாக, சாவகாசமாகப் பார்த்தது. பிறகு நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"நீங்கள் சொன்னது சரி வாத்தியாரம்மா. கௌதாரியேதான்."

அதற்குள் செவலி நாலு நடையும் போய்விட்டிருந்தது. வளை காலி. புது வளை எங்கே என்று கௌதாரியிடம் அது சொல்லவே இல்லை.

தெரிந்ததைச் சொல்வது பெரிய அறிவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்திருப்பதுதான் அறிவு.

இதைச் சொன்னது யார் என்று எவர் கேட்டாலும் என் பேரை எடுக்காதீர்கள். கௌதாரி காதில் விழுந்தால், "முட்டை ஆறில்லை, ஏழு" என்று திருத்த ஓடிவரும். நரி மிச்சம் ஒன்றைத் தேடிக்கொண்டு போய்விடும்.