ஒரு பக்கத்து மீசை

மருதங்கோட்டை ராஜாவின் சபையில் புலிகளும் உண்டு, புலித்தோல் போர்த்திய பெருச்சாளிகளும் உண்டு. பெருச்சாளிகளிலேயே பெரியது ஆஸ்தான கவிராயர் பஞ்சநதம். அடேயப்பா, மீசை மட்டும் ஒரு முழம்! அதை முறுக்குகிற நேரத்தில் நாலு பாட்டு எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தால்தானே!

அதே ஊரில் சூடாமணி என்று ஒரு வக்கீல். கூத்தாடிகள், நாயனக்காரர்கள், பொம்மலாட்டக்காரர்கள், இவர்கள் வழக்கைத்தான் எடுப்பார். 'கூத்தாடி வக்கீல்' என்று சபையே சிரிக்கும். "அவங்க வேஷம் விடிஞ்சா கலைஞ்சிடும். உங்க வேஷத்தைக் கலைக்கத்தான் வக்கீல் வேணும்" என்பார் சூடாமணி. இப்படிப் பேசுகிறவரை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் எதிர்த்தரப்பில் அவர் என்று தெரிந்தால் பெரிய மனிதர்களெல்லாம் சமாதானம் பேச ஆள் அனுப்புவார்கள்.

ஒருநாள் கவிராயர் ஓர் ஏட்டுக்கட்டோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா! மூன்று வருஷத்துக்கு முன் நான் இயற்றிய பாட்டை ஏகாம்பரம் என்கிற கூத்து வாத்தியார் ஊர் ஊராகப் பாடித் திரிகிறான். திருட்டுப் பயல்! அவன் கூட்டத்துச் சலங்கைகளை உலையில் போட்டு உருக்க வேண்டும். ஒருத்தனும் இனி வேஷம் கட்டக் கூடாது!"

ராஜா மூன்று நாள் தவணை கொடுத்தார். ஏகாம்பரம் சூடாமணியிடம் ஓடினார்.

"ஐயா, என் மகன் காய்ச்சல்ல போனப்ப அழுது கட்டின பாட்டுங்க. போர்க்களத்துல மகனைத் தேடுற ராஜா வேஷத்துக்கு அதைத்தான் பாடுறேன். சலங்கை போனா பதினோரு குடும்பம் பட்டினி. அதையாச்சும் தாங்கிக்குவேன். என் புள்ள பாட்டை அந்த ஆளு பேர்ல கேக்கச் சொல்றாங்களே, அதைத் தாங்க முடியாதுங்க." பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சூடாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அரண்மனைக்குப் போய் அந்த ஏட்டை வாங்கிப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார். மறுபடி படித்தார். திரும்பி வந்து, "ஏகாம்பரம், கூத்துல வேஷக்காரர் ஆட வர்ற வரைக்கும் முன்னால துணி பிடிச்சு மறைப்பாங்களே, அந்தத் திரைக்காரனைக் கூட்டிக்கிட்டு வா. போதும்" என்றார்.

மூன்றாம் நாள் சபை கூடியது.

"கவிராயரே, பாட்டு முழுக்க உங்களுடையதா?"

"எழுத்துக்கு எழுத்து!"

"ஏடெழுதினவர் கைத்தவறுதலா ஏதாவது..."

"என் எதிரில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினான் ஐயா! இதில் ஓர் எழுத்து வேற்றாளுடையது என்றால் என் மீசையை எடுத்துக்கொள்ளும்!"

"மகாராஜா கேட்டுக்கணும். சரி, படிங்க."

கவிராயர் ராகம் போட்டுப் படித்தார். அந்த ஏட்டை அவர் படித்தது அன்றுதான் முதல் தடவை.

"மகனைத் தேடி வந்தேன், மண்ணெல்லாம் சுத்தி வந்தேன்,
முகத்தைக் காட்டாயோ, முத்தே என் ராசாவே,
திரையை இறக்காதே, ஒருபக்கம் மீசை ஒட்டலையே..."

நின்றுவிட்டார். எழுதினவன் பிழை என்று தப்பிக்கலாம். அந்தக் கதவை இப்போதுதானே தன் கையாலேயே சாத்தினார்!

"அருமையான வரி. பொருள் சொல்லுங்களேன்" என்றார் சூடாமணி.

கவிராயர் கனைத்தார். "திரை என்பது மாயை. மீசை என்பது ஞானம். ஒரு பக்கம் இகம், மறு பக்கம் பரம். இகத்தில் ஒட்டிய ஞானம் பரத்தில் இன்னும் ஒட்டவில்லையே என்று ஜீவன் பதறுகிறது!"

"ஆகா! ஆகா!" என்றது சபை. ஒரு கிழப் பண்டிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்மம்! புரியாத இடத்தில் கண்ணைத் துடைப்பது அங்கே பழக்கம்.

சூடாமணியும் கைதட்டினார். பிறகு திரைக்காரர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார். "இந்த வரி உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? எங்களுக்குச் சொன்னதுதானே அது! போன பங்குனியில ஓடப்பாக்கத்துல கூத்து. வேலம்பிசின் சரியா காயலைங்க. வாத்தியார் திரைக்குப் பின்னால பாடிக்கிட்டே மீசை ஒட்டுறாரு. ஒரு பக்கம் ஒட்டிக்கிச்சு, ஒரு பக்கம் தொங்குது. அது தெரியாம நாங்க திரையை இறக்கப் போனோம். பாட்டை நிறுத்த முடியுங்களா? அதே ராகத்துல எங்களைத் தடுத்தாரு."

"வேற ஊர்ல பாடினாரா?"

"எதுக்குங்க பாடணும்? மறுநாளிலிருந்து மீசையை ஒட்டிட்டுத்தான் வாயைத் திறக்கிறாரு. அன்னைக்கு முன்வரிசையில கவிராயர் வீட்டு ஏடெழுதுறவரு பாய் போட்டு உக்காந்திருந்தாரு. பாவம், நல்ல உழைப்பாளி. ஒரு சொல்லைக்கூட விடலை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'ஆகா' சொன்ன வாய்களும் கூடவே சிரித்தன. கண்ணைத் துடைத்த பண்டிதர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

"பாட்டு ஏகாம்பரத்துடையது! இனி அதை வேறு எவன் பேரிலும் யாரும் பாடக் கூடாது. கவிராயரின் மீசையை எடுங்கள்!" என்றார் ராஜா. ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

சூடாமணி கைகூப்பினார். "மகாராஜா, அந்த ஒரு வரி மட்டும் எங்களுக்கு வேண்டாம். இவ்வளவு பொருள் சொன்ன கவிராயரே வெச்சுக்கட்டும். அவருக்கும் ஒரு வரி சொந்தமாயிட்டதால முழு மீசையும் கேட்கிறது நியாயமில்லை. ஒரு பக்கம் போதும்."

நாவிதர் கத்தியோடு வந்தார். "எந்தப் பக்கம் ராஜா?"

"பரம் பக்கம். அது ஒட்டவில்லை என்று அவரே சொன்னாரே!"

வேலை முடிந்தது. கூத்துக்காரர்களுக்கு ராஜா புதுசாக ஒரு பட்டுத் திரை பரிசு கொடுத்தார். கவிராயர் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வெளியே ஊரே திரண்டு நின்றது.

பொன்னுரங்கம் புதுத் திரையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"சாமி, சாமி! கொஞ்சம் நில்லுங்க! திரை பிடிக்கட்டுங்களா?"